திரும்பி வந்த அரிசி

காலை ஏழரை மணிக்கு என் தம்பியிடம் தொட்டில் வாங்கச் சொன்னேன். அன்று சாயங்காலம் நாலேகாலுக்கு, சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் கிட்டங்கி போனுக்கு முன்னால் நின்றேன். நடுவில் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். என்னைத் திட்ட வேண்டிய இடம் வரும்போது தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம்.

என் வேலை சாப்பாட்டுச் சாமான். ஆழ்கடலில் எரிவாயுக் கிணறு தோண்டும் கப்பலுக்கு அரிசி, மாவு, முட்டை, காய்கறி, உறைய வைத்த இறைச்சி எல்லாம் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து கட்டி அனுப்புவது. கப்பலில் இருக்கும் தலைமைச் சமையல்காரர் பட்டியல் அனுப்புவார். நான் மூட்டைக்கு மூட்டை சீட்டு எழுதிக் கட்டுவேன். வாரத்துக்கு ஒரு தடவை சரக்குப் படகு வந்து ஏற்றிக்கொண்டு போகும். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. எண்ணெயையோ வாயுவையோ நான் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு ஒரு வாரத்துக்கு எத்தனை முட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்தக் கப்பல் தோண்டியது லேசுப்பட்ட கிணறு இல்லை. நாட்டின் பழைய எண்ணெய், வாயு வயல்கள் எல்லாம் வற்றிக்கொண்டு வந்தன. பத்து வருஷத்துக்கு முன்னால் கடலிலிருந்து எடுத்ததில் பாதிகூட இப்போது வரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக, ஏலத்தில் எடுத்த கடல் பகுதிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டின. மிச்சம் இருந்த ஒரே கம்பெனி, போகிறதுக்கு முன்னால் ஒரே ஒரு கிணறு தோண்டிப் பார்க்கிறோம் என்றது. அதில் வாயு கிடைத்தால் கடலில் மேடை கட்ட வேண்டும், கரை வரைக்கும் குழாய் போட வேண்டும். படகு, ஹெலிகாப்டர், பட்டறை, எங்கள் கிட்டங்கி எல்லாவற்றுக்கும் இருபது வருஷத்துக்குச் சோறு. கிடைக்காவிட்டால் இந்தத் தொழிலே இந்த நாட்டில் முடிந்தது.

பேப்பர்க்காரர்களுக்கு இந்தக் கவலை எல்லாம் இல்லை. அன்று காலைப் பேப்பரோடு எட்டுப் பக்கத்துக்குத் தனி இணைப்பு வந்திருந்தது. ‘கடலடி எரிவாயு: நம்பிக்கை தரும் இருபது ஆண்டுகள்’ என்று தலைப்பு. ஒரு பொருளாதார நிபுணர் உற்பத்திக்குக் கோடு போட்டுக் காட்டியிருந்தார். அந்தக் கோடு பத்து வருஷமாக இறங்கி, அடுத்த வருஷத்திலிருந்து ஏறியது. எதை நம்பி ஏறுகிறது என்று அவர் எழுதவில்லை. காகிதத்தில் ஏறுவதற்கு என்ன, மூச்சா வாங்கப் போகிறது.

கிணற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. வெளியே தெரிந்தால் பங்குச் சந்தை ஆடும், போட்டிக்காரன் முந்திக்கொள்வான். இப்படி வாயைக் கட்டித் தோண்டுகிற கிணற்றை எங்கள் ஆட்கள் ஊமைக் கிணறு என்பார்கள். கப்பலில் இருப்பவர்கள் வீட்டுக்குப் பேச முடியாது. கரையில் நாங்கள் காலையில் கேட்டில் மொபைலைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். படகு ஏற்றும் நாளில், ஏற்றி முடியும் வரை கேட்டைத் திறக்கவே மாட்டார்கள். மீறினால் வேலை போகும் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஆனால் எவ்வளவு பெரிய ரகசியக்காரனும் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும். தோண்டி முடித்து, வாயு இருக்கிறது என்று தெரிந்தால், அது எவ்வளவு வருகிறது என்று எரித்துப் பார்த்து அளக்க இருபது இருபத்தைந்து பேர் கூடுதலாகக் கப்பலுக்குப் போவார்கள். பட்டியலின் தலையில் ஆள் எண்ணிக்கை ஏறும். ஒன்றும் இல்லை என்றால் எண்ணிக்கை இறங்கும். நாட்டின் எதிர்காலம் நிபுணருக்குத் தெரிவதற்கு முன்னால் முட்டை கட்டுகிற எனக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருஷத்தில் இந்தக் கணக்கு ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

இப்போது என் தம்பி. கடல் மேடைகள் கட்டும் பட்டறையில் குழாய் வெல்டர். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபிறகு என் கையில் சாப்பிட்டு வளர்ந்தவன். பட்டறையில் ஒரு வருஷமாகப் பெரிய வேலை எதுவும் இல்லை. கிணறு கிடைத்தால் மேடை வேலை எங்களுக்குத்தான், உன்னை மேஸ்திரி ஆக்குகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் மாசக் கடைசியில் பூட்டு. இதற்கு நடுவில், வெளிநாட்டில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் மூன்று வருஷ ஒப்பந்தம் அவனுக்கு வந்தது. மூன்று வருஷம் முடியும் வரை ஊர்ப்பக்கம் வர முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டான். ஆனால் ஆள் அனுப்பும் ஏஜெண்டிடம் கொடுக்கவில்லை. அவன் மனைவிக்கு எட்டாம் மாசம். ஒரு வாரமாக மதில்மேல் பூனையாக இருந்தான். கெடு, நான் தொட்டில் வாங்கச் சொன்ன அன்று மாலை ஐந்து மணி. அதற்குள் காகிதம் போய்ச் சேராவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு அந்த இடம்.

முந்தின நாள் நான் கிளம்பும் நேரத்தில் பட்டியலின் முதல் பக்கம் வந்தது. காய்கறி, பழம், முட்டை. தலையில் எண்ணிக்கை நூற்று நாற்பத்தொன்று. நூற்றுப் பதினெட்டு, நூற்று நாற்பத்தொன்று ஆகியிருக்கிறது. இருபத்துமூன்று பேர் கூடுதல். நான் அந்தத் தாளை நாலு தடவை பார்த்தேன். அரிசி, மாவு எழுதுகிற இரண்டாம் பக்கம் எப்போதும் மறுநாள்தான் வரும். அதுவரைக்கும் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் கேட்டுக்குள் போவதற்கு முன்னால், ரோட்டு ஓரத்தில் நின்று அவனுக்குப் போன் போட்டேன். வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

"தொட்டில் வாங்கியாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லக்கா. போறதா இருக்கறதா தெரியாம எதை வாங்கறது."

"வாங்கு. இன்னிக்கே போய் வாங்கு. நல்லதா, நீயே ஆட்டற மாதிரி வாங்கு."

"நெஜமாவாக்கா?" என்றான். அவன் குரல் எட்டு வயதில் இருந்த மாதிரி இருந்தது. வைத்துவிட்டேன். அன்று காலை கிட்டங்கிக்குள் நான் நடந்தேனா பறந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்றரைக்குப் படகு வந்தது. காலிக் கூடைகளும் குப்பைப் பெட்டிகளும் இறங்கும், பிறகு நம் சரக்கு ஏறும். அதுதான் வழக்கம். கிரேன் முதலில் இறக்கியது ஒரு பெரிய வலை. அதற்குள் மூட்டைகள். தரையில் வைத்ததும் போய்ப் பார்த்தேன். அரிசி மூட்டைகள். ஒவ்வொன்றின் வாயிலும் சீட்டு. சீட்டில் என் கையெழுத்து. போன மாதம் நான் கட்டி அனுப்பிய அரிசி, தையல்கூடப் பிரியாமல் திரும்பி வந்திருந்தது.

ஒருவேளை பூச்சியாக இருக்கலாம் என்று நினைத்தேன். பூச்சியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மளிகைக்காரி பூச்சிக்காக வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. கத்தியை எடுத்து ஒரு மூட்டையைக் கிழித்துக் கை நிறைய அள்ளினேன். முத்து முத்தாக இருந்தது. இன்னொரு மூட்டை. அதுவும் அப்படித்தான்.

படகு கேப்டன் ஏணியில் இறங்கி வந்தார். "எதுக்குங்க அரிசி திரும்பி வருது?" என்றேன்.

"ஏத்துன்னாங்க, ஏத்தினேன். இன்னும் மாவு இருக்கு, எண்ணெய் டின் இருக்கு. மூணு வலை வரும்."

"அப்ப புதுசா இருபத்திமூணு பேர் போறாங்களே, அவங்க என்ன சாப்பிடுவாங்க?"

அவர் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே பெஞ்சுகளில் புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் டார்ச், கேமரா, அளவு டேப். "அவங்களா? அவங்க நாலஞ்சு நாள்தான். வாடகை வீட்டைக் காலி பண்றப்ப வீட்டுக்காரர் வந்து எங்க ஆணி அடிச்ச, எங்க கீறினன்னு பாப்பாரில்ல, அந்த மாதிரி. வாடகைக் கப்பலை உரிமைக்காரங்ககிட்ட ஒப்படைக்கப் போறாங்க போல." சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னது எவ்வளவு பெரிய சேதி என்று அவருக்கே தெரியாது.

வாயு கிடைத்த கப்பல் அரிசியைத் திருப்பி அனுப்பாது. பட்டியலின் இரண்டாம் பக்கத்தைத் தேடிக்கொண்டு ஓடினேன். காய்கறி கட்டும் பரபரப்பில் நான் பார்க்காமல் விட்டது, மேசையில் கிடந்தது. அரிசி: வேண்டாம். மாவு: வேண்டாம். இறைச்சி: வேண்டாம். அந்த எண்ணிக்கை ஏறியது வாயுவை அளக்க இல்லை, கப்பலை அளக்க. எண்ணிக்கை ஏறினால் நல்ல சேதி என்ற என் கணக்கு, ஒரேயடியாகக் கடையைக் கட்டும்போதும் ஆள் ஏறுவார்கள் என்பதை யோசிக்கவே இல்லை. நான் சாமான் அனுப்பிய கப்பல் எதையும் இதற்கு முன்னால் இப்படி ஒப்படைத்து நான் பார்த்ததில்லையே.

சுவரில் மணி நாலேகால். தம்பி வீட்டிலிருந்து ஏஜெண்ட் ஆபீஸ் இரண்டு தெரு. என் மொபைல் கேட்டில் ஒரு மரப் பெட்டியில். கேட்டுக் காவலாளி கண்கொத்திப் பாம்பு. படகில் ஏற்றி முடியும் முன்னால் அவனைப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் ஊரையே கூட்டிவிடுவான். கையில் இருந்தது ஒரே வழி. கிட்டங்கித் தலைவர் மேசையில் இருக்கும் போன்.

தலைவரை நாங்கள் சீல் சார் என்போம். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் ரப்பர் முத்திரையை எடுத்து ஒரு குத்துக் குத்திவிடுவார். ஒருமுறை சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சுற்றி வந்த காகிதத்தில்கூடக் குத்தினார். அந்த போனில் யார் பேசினாலும் நோட்டில் எழுத வேண்டும்: நேரம், யாருக்கு, என்ன நோக்கம். சொந்த விஷயம் பேசக்கூடாது. ஊமைக் கிணறு தொடங்கியதிலிருந்து அவர் எதிரில் உட்கார்ந்து முழுப் பேச்சையும் கேட்பார்.

"சார், ஒரு போன் பண்ணணும்."

"யாருக்கு?"

"தம்பிக்கு."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். என் கையில் அரிசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். போனை என் பக்கம் நகர்த்தினார்.

முதல் தடவை அடித்து அடித்து நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. தெரியாத நம்பர் என்று எடுக்காமல் இருக்கிறானோ என்று பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவை எடுத்தது அவன் மனைவி.

"நான்தாம்மா. அவன்கிட்ட குடு."

"அண்ணியா? அவரு இல்லையே அண்ணி. நீங்க சொன்னீங்கன்னு தொட்டில் வாங்கப் போயிருக்காரு. போனைச் சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டாரு." சிரித்தாள். "காலைலேருந்து ஆளுக்குக் கால் தரையில இல்ல. எனக்கும்தான்."

எதிரில் சீல் சார். அவர் முன்னால் ஒரு வார்த்தை பிசகினாலும் வேலை போகும். அது போனால் போகட்டும். ஆனால் இந்தப் பெண்ணிடம், இந்த நிமிஷம், நான் எப்படிச் சொல்வது.

"எப்ப வருவான்?"

"பஸ்ல போயிருக்காரு. ஆறு ஆயிடும்னாரு."

"சரி. நான் சொல்றதைக் கேளு. தொட்டிலை நான் வாங்கிக்கறேன்."

"வாங்கவே போயிட்டாரே அண்ணி."

"இல்லம்மா. தொட்டிலை நான் வாங்கிக்கறேன். ஆட்டறதும் நானே ஆட்டிக்கறேன். அவன் ஆட்ட வேண்டாம்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழுவாள், என்னைக் கேள்வி கேட்பாள் என்று பயந்தேன்.

"மணி என்ன அண்ணி?" என்றாள்.

"நாலு இருபத்தஞ்சு."

"காகிதம் பீரோல இருக்கு. கையெழுத்து இருக்கு. நான் கொண்டுபோய்க் குடுத்தா வாங்கிப்பாங்களா?"

"வாங்குவாங்க." எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

"அங்க மூணு மாடி ஏறணும்."

"பக்கத்து வீட்டுல யாரையாவது அனுப்பேன்."

"யாரும் இல்ல. நான் போயிக்கறேன்." பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. "அண்ணி, நிச்சயமாத்தானே சொல்றீங்க? காலைலயும் நிச்சயமாத்தான் சொன்னீங்க."

சுருக்கென்று இருந்தது. "இப்ப நிச்சயம்" என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

போனைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். சீல் சார் நோட்டைத் திறந்தார். நேரம் எழுதினார். யாருக்கு என்ற இடத்தில், தம்பி வீடு. நோக்கம் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். ஜன்னல் வழியே இரண்டாவது வலை இறங்குவது தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை மூட்டைம்மா?"

"முப்பத்தெட்டு சார். ஒண்ணுகூடப் பிரிக்கல."

"ம்." அவர் முகத்தில் ஈயாடவில்லை. முப்பத்தொரு பேருக்கு இந்தக் கிட்டங்கியில் சம்பளம் போடுகிறவர் அவர். கடைசிப் பையனுக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருஷம். குனிந்து, நோக்கம் என்ற இடத்தில் ‘தொட்டில்’ என்று எழுதினார். முத்திரையை மையில் அழுத்தி அதன்மேல் ஒரு குத்துக் குத்தினார். "போய் வேலையைப் பாரு" என்றார். அந்த நோட்டை யாரும் வாங்கிப் பார்க்கவே இல்லை. மூன்று வாரத்தில் கிட்டங்கியையே மூடிவிட்டார்கள்.

அதன்பிறகு ஐந்து மணி வரைக்கும் நான் என்ன கட்டினேன், எதில் எதைப் போட்டேன் என்று ஞாபகம் இல்லை. நிறைமாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெண்ணை மூன்று மாடி ஏறச் சொல்லியிருக்கிறேன். படியில் வழுக்கினால் யாரிடம் போய் முகத்தைக் காட்டுவேன். ஐந்தாயிற்று. ஐந்தரை. கேட்டைத் திறக்க ஆறாயிற்று. காவலாளி மொபைலைத் தருவதற்குள் அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"குடுத்துட்டேன் அண்ணி" என்றாள். மூச்சு இன்னும் வாங்கியது. "நாலு அம்பத்திமூணு. ஆபீஸைப் பூட்டிட்டு இருந்தாங்க. கதவுல கையை வச்சு நின்னுட்டேன்."

"ஒண்ணும் ஆகலயே? வயித்துல வலி கிலி?"

"ஒண்ணும் இல்ல. அவரு இன்னும் வரல. நான் சொல்ல மாட்டேன் அண்ணி. காலைல நீங்கதானே சொன்னீங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் வந்திருந்தான். கூடத்தின் நடுவில் பெட்டி பிரிந்து கிடந்தது. மரச் சட்டங்களைத் தரையில் பரப்பி, வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டு, ஒரு காலை மாட்டிக்கொண்டிருந்தான். டிவியில் காலைப் பேப்பர் நிபுணர் அதே கோட்டை வைத்துக்கொண்டு பேசினார். அவன் மனைவி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் அவன் திருகாணிகளைக் கையில் துப்பிவிட்டுச் சிரித்தான். "வாக்கா. தேக்குன்னான். பொய்யா இருக்கும், இருந்தாலும் பாரு, எவ்வளவு வழவழன்னு."

உட்கார்ந்தேன். சொன்னால்தான் உண்டு. "அரிசி திரும்பி வந்துடுச்சுடா."

அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கடல் வேலைக்காரன், அரிசி திரும்பினால் என்ன என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டாம். சிரிப்பு மெதுவாகப் போனது. கடிகாரத்தைப் பார்த்தான். ஆறே முக்கால். "போச்சு" என்றான்.

"போகல. காகிதம் போய்ச் சேந்துடுச்சு. அவதான் கொண்டுபோய்க் குடுத்தா."

அவன் திரும்பி அவளையும் அவள் காலையும் பார்த்தான். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்தான்.

"அப்ப காலைல எதுக்குக்கா வாங்கச் சொன்ன?"

"பட்டியல்ல முதல் பக்கத்தை மட்டும் பாத்தேன்."

"நீ ஒரு பக்கம் பாத்துட்டுப் பேசறவ இல்லையே."

இதற்கு நான் சொல்ல எத்தனையோ சாக்கு இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "நீ இங்கயே இருக்கணும்னு ஆசைப்பட்டேன்டா. அதனால ஒரு பக்கமே போதும்னு நினைச்சுட்டேன். என் தப்புதான்."

அவன் திரும்பவும் தரையில் உட்கார்ந்து, மிச்சம் இருந்த மூன்று கால்களையும் ஒவ்வொன்றாக மாட்டினான். ஒவ்வொரு திருகாணியையும் வெல்டர் முறைப்படி இரண்டு தடவை இறுக்கினான். எல்லாம் முடிந்து, தொட்டிலை நிமிர்த்தி வைத்து விரலால் ஒரு தள்ளு தள்ளினான். அது சத்தமில்லாமல் ஆடியது. அவன் தன் கையை அகல விரித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் சாண் வைத்து அளந்து பார்த்தான்.

"நான் திரும்பி வர்றப்ப இதுல காலை நீட்ட முடியாதுக்கா, குழந்தையால" என்றான்.

அவன் மனைவி எழுந்து வந்து, தொட்டிலைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினாள். அப்புறம் எங்கள் மூவருக்கும் டீ போட உள்ளே போனாள்.